வாளியை உதைச்ச அப்பா

வாளின்னா அது வாளி இல்லீங்க, ஜியாச்சி அப்பா. முதல்ல உக்காருங்க. நீங்க எந்த வாளியையும் உதைக்கல. லாரியில தொங்குற வாளியும் இல்ல, வீட்டுக் குளியலறை வாளியும் இல்ல. ஒருத்தர் செத்துட்டார்ங்கறதை இங்கிலீஷ்காரன் அப்படிச் சொல்லுவான், வாளியை உதைச்சுட்டார்னு. ஏன்னு மட்டும் என்னைக் கேக்காதீங்க. இத்தனை வருஷமா சொல்லிக் குடுக்கறேன், எனக்கே தெரியாது. அவங்க ஊர் ஆளைக் கேட்டேன், அவருக்கும் தெரியல. நம்ம புள்ளைங்க மனப்பாடம் பண்ணும், எழுதும், மார்க் வாங்கும். அதோட சரி.

ஆமாம், உங்க பொண்ணு செத்துட்டார்னுதான் எழுதியிருக்கா. அதுல மறைக்க ஒண்ணுமில்ல.

இந்தாங்க, வெந்நீர் குடிங்க. சத்தம் போடணும்னா போடுங்க, பரவாயில்ல. மத்த டீச்சருங்க எல்லாம் மீட்டிங்குக்குப் போயிருக்காங்க. நான் மட்டும் போகல. என்னை இப்பல்லாம் எதுக்கும் கூப்பிடறதில்ல, வந்தா வரட்டும்னு விட்டுட்டாங்க. கீழ நத்தைச்சாறு நூடுல்ஸ் கடை இருக்கறதால இந்த ரூமுல எப்பவும் இந்த வாடைதான். ஜன்னலை மூடினாலும் போகாது. நீங்க இந்த லியுஜோ ஊர்க்காரர்தானே, உங்களுக்குப் பழகியிருக்கும்.

ரெண்டு விஷயம் கேக்கறீங்க, புரியுது. அந்தப் பேப்பரைக் குடு, கொண்டுபோய் எரிக்கணும்ங்கறீங்க. அடுத்து, ஹாஸ்டல்லேர்ந்து அவ படுக்கையைச் சுருட்டித் தரச் சொல்றீங்க, நான்னிங் ஊர்ல அத்தை கடையில கொண்டுபோய் விடப்போறேன்ங்கறீங்க. பேப்பரை எடுத்துக்கங்க. இதோ, சுவத்துலேர்ந்து பிச்சு வச்சிருக்கேன். அது உங்களோடதுதான். படுக்கை விஷயம் கொஞ்சம் பொறுங்க. பரீட்சைக்கு ஒரு மாசம்கூட இல்ல. இப்பக் கூட்டிட்டுப் போனா அந்தப் பொண்ணுக்கு ஒன்பதாவதோட படிப்பு முடிஞ்சுது. காலம்பூரா அத்தை கடையில முட்டைப் பெட்டி அடுக்க வேண்டியதுதான். அது உங்களுக்கும் தெரியும். தெரிஞ்சேதான் கோவத்துல வந்திருக்கீங்க.

இல்ல, இல்ல. கோவப்படக் கூடாதுன்னு சொல்லல. எனக்கு எல்லாம் தெரியும், உங்க சம்சாரம் போன்ல சொன்னாங்க. பெத்தவங்க கூட்டத்தன்னிக்கு நல்ல கட்டுரைங்களை எல்லாம் சுவத்துல ஒட்டி வச்சோம். அவகூடப் படிக்கற ஹாவ்ரானோட அம்மா இருக்காங்கள்ல, அவங்க உங்க பொண்ணு கட்டுரைக்கு நேரா போனை நீட்டினாங்க. போன் இங்கிலீஷைப் படிச்சு நம்ம சீன பாஷையில சொல்லிச்சு. என் அப்பா மழையில லாரி கவிழ்ந்து வாளியை உதைச்சார்னு. வாளி விளங்கலைன்னாலும் லாரி கவிழ்ந்தது விளங்கிடுச்சு. மறுநாள் அந்தம்மா பழக்கூடையும் சாவுப்பணம் வச்ச வெள்ளை உறையுமா உங்க வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க வந்தாங்களாம். கதவைத் திறந்தது நீங்களாம். பனியனோட, வாயில பிரஷ்ஷோட.

மன்னிச்சுக்கங்க. சிரிக்கக் கூடாது. சிரிப்புகூட இல்ல இது, வாய் தானா போகுது அந்தப் பக்கம்.

ஒண்ணு சொல்லட்டுமா? ஹாவ்ரான் பேப்பரும் அதே சுவத்துலதான் இருந்துச்சு, உங்க பொண்ணோடதுக்கு ரெண்டு பேப்பர் தள்ளி. அவன் அவங்கம்மாவுக்கு ரத்தப் புற்றுநோய் குடுத்திருக்கான். கடைசி நிமிஷத்துல ஒரு கிண்ணம் கஞ்சியை மகனுக்கு ஊட்டிட்டு வாளியை உதைக்கறாங்க. அந்தம்மா அந்தப் பக்கம் போனைத் திருப்பவே இல்ல போல. அடுத்தவன் வீட்டுச் சாவுன்னா ஆவலா படிப்போம்ல.

உங்க பொண்ணு மட்டும்தான்னு நெனச்சுட்டு வந்திருக்கீங்க, அதான் இவ்வளவு சொல்றேன். வகுப்புல பாதிப் பேர் அப்பன் ஆத்தாளைக் கொன்னுட்டாங்க. மீதிப் பேர் தாத்தாவை. தாத்தாவைக் கொன்னா மார்க் கம்மி, எல்லாரும் அதைத்தான் பண்றாங்கன்னு நானே சொல்லியிருக்கேன். நானேதான். வேற யார் சொல்லிக் குடுப்பா? மறக்க முடியாத மனிதர்னு ஒரு தலைப்பு வரும். பேப்பர் திருத்தறவருக்கு முன்னாடி மலை மாதிரி கட்டு. ஒரு பேப்பரை அவர் பார்க்கறதே கண்ணை மூடித் திறக்கற நேரம்தான். அதுக்குள்ள அவரை அழ வைக்கணும். அதனால மழை வரணும். சும்மா மழை இல்ல, பூனையும் நாயுமா கொட்டற மழை. அதுவும் இடியம்தான். சொல்றது ஒண்ணு, அர்த்தம் இன்னொண்ணு. கட்டுரையில ரெண்டு இடியமாவது இருக்கணும். மழைக்கு ஒண்ணு, சாவுக்கு ஒண்ணு. அப்புறம் கடைசி வரியில, அன்னிக்கே சபதம் எடுத்தேன், நல்லாப் படிப்பேன்னு முடிக்கணும். இதுதான் அச்சு. மாவுப் பலகாரம் பண்ற அச்சு மாதிரி. எந்த மாவைப் போட்டாலும் அதே வடிவத்துலதான் வந்து விழும்.

டிக்‌ஷனரியா? தெரியும், நீங்க வாங்கித் தந்திருக்க மாட்டீங்க. அவளுக்கு டிக்‌ஷனரி வாங்கிட்டு வரும்போதுதான் லாரி கவிழ்ந்துதுன்னு எழுதியிருக்கா. நீங்க தர்பூசணி வாங்கிட்டு வந்திருப்பீங்க. தர்பூசணி வாங்கப் போய் செத்தார்னு எழுத முடியுமா? மார்க் வராது.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஸ்காட்லாந்துலேர்ந்து ஒருத்தர் இங்க பாடம் எடுக்க வந்தார். கேலம்னு பேரு. நல்ல உசரம், பாவம் வாசல் நிலையில தினம் தலையை இடிச்சுக்குவார். வந்த வாரமே கட்டுரைக் கட்டை அவர்கிட்ட குடுத்துட்டாங்க. மறுநாள் மூக்கு சிவந்துபோய் வந்து நிக்கறார். தாங் டீச்சர்னு என்னைக் கூப்பிட்டு, இந்த வகுப்புல இத்தனை அனாதைப் புள்ளைங்களா, ஊர்ல ஏதாவது பெரிய விபத்தா, இதுங்களுக்கு ஆறுதல் சொல்ல யாராவது இருக்காங்களாங்கறார். கையில ஒரு பை சாக்லேட்டு. நான் விளக்கிச் சொன்னேன். அப்புறம்கூட அவருக்குப் பாதிதான் நம்பிக்கை. கடைசியா வாளி விஷயத்தைக் கேட்டார். எங்க ஊர்ல அதை விளையாட்டாத்தான் சொல்லுவோம், பெத்த அப்பாவுக்கு யாரும் அப்படி எழுத மாட்டோம்னார். நான் புள்ளைங்ககிட்ட அதைச் சொன்னேன். அதுங்க கேட்டுதுங்க, டீச்சர், பேப்பர் திருத்தப்போறது அவரா, நம்ம ஆளுங்களான்னு. நம்ம ஆளுங்கதான்னேன். அப்ப வாளியே இருக்கட்டும்னுட்டுதுங்க. சாக்லேட்டை மட்டும் எல்லாரும் எடுத்துக்கிட்டாங்க.

இதுங்ககிட்ட அகப்பைக்கு இங்கிலீஷ்ல என்னன்னு கேளுங்க, தெரியாது. துடைப்பம் தெரியாது, தலையணை உறை தெரியாது. கல்லறை தெரியும், கண்ணீர்த் துளி தெரியும், அனாதைக்கு எழுத்துப் பிசகாம எழுதும். நாளைக்கு வெளிநாடு போனா பசிக்குதுன்னு சொல்லத் தெரியாம நிக்குங்க. அப்பா செத்துட்டார்னு மட்டும் அழகா சொல்லுங்க.

நான் விளையாட்டுக்குச் சொல்லல. உங்க பயம் எனக்குத் தெரியும். நீங்க வண்டி ஓட்டறவர். வாயில வரக்கூடாத வார்த்தை உங்களுக்கு இருக்கு. தட்டுல மீனைக்கூடத் திருப்பிப் போட மாட்டீங்க. மேல்பக்கம் தின்னுட்டு முள்ளை எடுத்துட்டு அப்படியே கீழ்ப்பக்கம் தின்பீங்க, திருப்பினா வண்டி கவிழும்னு. அந்த வீட்டுல பொறந்த பொண்ணு கவிழ்ந்துதுன்னே எழுதி, அதை ஊர் பார்க்கச் சுவத்துலயும் ஒட்டினா எப்படி இருக்கும். அன்னையிலேர்ந்து நீங்க வண்டியை எடுக்கலைன்னு உங்க சம்சாரம் சொன்னாங்க. சாவியைக் கையில வச்சுக்கிட்டு வாசல்ல உக்காந்திருக்கீங்களாம். அவ மூஞ்சியில முழிக்கவே மாட்டேன்னு சொல்லிட்டீங்களாம். போன ஞாயித்துக்கிழமை அவ வீட்டுக்கு வந்தப்ப எழுந்து உள் ரூமுக்குப் போயிட்டீங்களாம்.

அவ என்கிட்ட ஒண்ணும் சொல்லல. சொல்ற பொண்ணும் இல்ல. திங்கக்கிழமை காலையில மைதானத்துல எல்லாரும் நின்னு பாடத்தைக் கத்திப் படிப்பாங்கல்ல, அவ வாயை மட்டும் அசைச்சா. நான் பார்த்தேன்.

எழுதினா பலிச்சுடும்ங்கறீங்க. பலிக்காது. அது எனக்குத் தெரியும். சமாதானத்துக்குச் சொல்லல, நிஜமாவே தெரியும்.

இதைப் பாருங்க. இந்தக் கட்டுரையை மாதிரியா வச்சுத்தான் உங்க பொண்ணு எழுதினா. வருஷா வருஷம் ஒன்பதாவது வந்ததும் ஜெராக்ஸ் போட்டுக் குடுத்துடுவேன். இதுல ஒரு அம்மா. டீச்சர்தான் அவங்களும். காய்ச்சல்ல கிடக்கற பொண்ணை மழையில முதுகுல தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போறாங்க. பொண்ணு பொழைச்சுக்கறா, அந்தம்மாவுக்குச் சளி பிடிச்சு, நெஞ்சுக்குள்ள இறங்கி, வாளி. நல்ல கட்டுரை. அந்தம்மாவை ரொம்ப அழகா கொன்னிருக்கா. ஒரு வார்த்தை கூடக்குறைய இல்ல. எழுதினது ஒரு பழைய மாணவி.

உங்க பொண்ணு இதை அப்படியே எடுத்து, அம்மா இருந்த இடத்துல அப்பாவை வச்சு, முதுகு இருந்த இடத்துல லாரியை வச்சிருக்கா. அவ்வளவுதான் அவ செஞ்சது. எல்லாரும் செய்யறதுதான். ஆனா ஒரு எடத்துல மட்டும் அச்சைத் தாண்டிட்டா. அதுக்காகத்தான் அதைச் சுவத்துல ஒட்டினேன், சாவுக்காக இல்ல. இங்க, நடுவுல, சிவப்புல கோடு போட்டிருக்கேன் பாருங்க. படிக்கறேன். எங்கப்பா சரக்கு ஏத்திட்டுப் போகும்போது லியு ஆத்துப் பாலத்துல ஏறினதும் ரெண்டு தடவை ஹாரன் அடிப்பார். எங்க வீடு பாலத்துக்கு இந்தப் பக்கம் ஆறாவது மாடி. நான் எழுந்து ஜன்னல்கிட்ட வர்றதுக்குள்ள வண்டி போயிடும். ஆனா ரெண்டு தடவைங்கறது எனக்குத்தான்.

நீங்க அடிப்பீங்களா அப்படி?

சரி. குடிங்க, ஆறிடும்.

இது நான் சொல்லிக் குடுத்ததில்ல. எந்தப் புஸ்தகத்துலயும் இல்ல. இதுக்கு மார்க்கும் கிடையாது, திருத்தறவர் இதைத் தாண்டிட்டு நேரா மழைக்குப் போயிடுவார். அவளுக்கும் அது தெரியும். தெரிஞ்சும் எழுதியிருக்கா. கீழ இன்னொரு இடியம் போட்டிருக்கா, எங்கப்பா கண்ணுக்கு நான் ஆப்பிள்னு. ஆப்பிள்னா நம்ம ஊர்ப் பழம் இல்ல, ரொம்பச் செல்லம்னு அர்த்தம். அது மனப்பாடம் பண்ணினது, அதை விட்டுடுங்க. ஹாரன் மட்டும் மனப்பாடம் இல்ல.

எரிக்கறதுன்னா எரிச்சுக்கங்க. எரிக்கறதுக்கு முன்னாடி அந்த ஒரு வரியை மட்டும் உங்க சம்சாரத்துக்குச் சொல்லிடுங்க. அவங்களுக்கும் தெரியாதாம், ஹாரன் யாருக்குன்னு.

மணி அடிச்சுட்டாங்க. இருங்க, எழுந்துக்காதீங்க. இது வீட்டுக்கு விடற மணி இல்ல. ஒலிபெருக்கியில பாட்டு வருது பாருங்க, கண்ணுக்குப் பயிற்சி. தினம் மத்தியானம் ஒரு தடவை, எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டு விரலால சுத்தித் தேய்க்கணும். நீங்களும் படிச்சப்ப செஞ்சிருப்பீங்களே. பாட்டு முடியற வரைக்கும் ஒரு புள்ளையும் கண்ணைத் திறக்காது. திறந்தா வகுப்புக்கே மைனஸ் மார்க்.

இந்த ஜன்னலுக்கு வாங்க. எதிர்ல தெரியறதுதான் மூணாம் பிரிவு. ரெண்டாவது வரிசையில ஜன்னலோரம், குதிரைவால் போட்டிருக்கா பாருங்க. மூஞ்சியில முழிக்க மாட்டேன்னுதானே சொன்னீங்க? அவ முழிச்சுக்கிட்டு இல்ல. நீங்க பார்க்கறது அவளுக்குத் தெரியாது. சொன்ன வார்த்தையும் அப்படியே இருக்கும்.

வாங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

ஆமாம், மெலிஞ்சுதான் போயிட்டா. ஹாஸ்டல்ல சோறு சரியா எடுத்துக்கறதில்லைன்னு வார்டன் சொன்னாங்க. மோவாயைப் பாருங்க, உங்களை அப்படியே உரிச்சு வச்சிருக்கு. இந்தப் பயிற்சியில எல்லாருக்கும் ஒரே மூஞ்சி வரும், தூங்கற மூஞ்சி. நான் தினம் இந்நேரத்துக்கு இங்க வந்து நிப்பேன். பழக்கம். முன்னெல்லாம் பார்க்கறதுக்கு ஒரு ஆள் இருந்துச்சு. அதே வரிசை, அதே ஜன்னலோரம். லிங்யூன்னு பேரு. ஏமாத்துவா. ஒரு கண்ணை லேசாத் திறந்து என்னைப் பார்த்துட்டு மூடிக்குவா.

நான் ஜெராக்ஸ் போட்டுக் குடுக்கற அந்தக் கட்டுரை இருக்குல்ல, அவ எழுதினதுதான். என் பொண்ணு. அதுல வர்ற அம்மா நான்தான். அதை வகுப்புல நானே சத்தமா படிச்சேன், எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க. அன்னிக்கு சாயங்காலம் கீழ நூடுல்ஸ் கடைக்குப் போனோம். அவ சொன்னா, அம்மா, உயிரோட இருந்து நீ எனக்கு வாங்கித் தந்த மார்க்கைவிடச் செத்துப்போய் வாங்கித் தந்தது ஜாஸ்தின்னு. எனக்குப் புரையேறிடுச்சு, மூக்கெல்லாம் மிளகாய்.

அப்புறம் ஒரு மாசம் இருக்கும். வெங்காயத்தாள் வாங்கிட்டு வர்றேன்னு ஸ்கூட்டர்ல போனா. நாலு ரோடு சேர்ற இடத்துல ஒரு கார். மழையெல்லாம் இல்ல. நல்ல வெயில். நான் மாடியில போர்வை காயப் போட்டிருந்தேன். நாலு பேர் வந்து கதவைத் தட்டினப்பவும் முதல்ல போர்வையை எடுத்து மடிச்சு வச்சுட்டுத்தான் போனேன். ஏன்னு தெரியல.

இல்லீங்க, இதுல அர்த்தம் தேடாதீங்க. எழுதினதால அவ போயிட்டான்னு நெனச்சுடாதீங்க. நானும் தேடிப் பார்த்தேன். ஒண்ணும் கிடைக்கல. எழுதினது பலிக்கும்னா போயிருக்க வேண்டியது நான். இதோ உங்களுக்கு வெந்நீர் ஊத்திக் குடுத்துக்கிட்டு நிக்கறேன். அதனாலதான் சொன்னேன், பலிக்காது, எனக்குத் தெரியும்னு.

அழுகையா? ஆரம்பத்துல வருதான்னு பார்த்தேன். வரல. இப்பப் பார்க்கறதும் இல்ல. அந்தக் கட்டுரையை மாத்திடுங்கன்னு ஹெட்மாஸ்டர் சொன்னார், வேற ஒண்ணு வச்சுக்கலாம் டீச்சர்னு. நான்தான் மாட்டேன்னுட்டேன். வருஷத்துல ஒரு நாள் ஒரு வகுப்பே எழுந்து நின்னு அதைக் கத்திப் படிக்கும். அதுல அம்மா சாவா, பொண்ணு பொழைச்சுக்குவா, நல்லாப் படிப்பேன்னு சபதம் எடுப்பா. நான் மேஜையில கையை ஊணிக்கிட்டுக் கேட்டுட்டு இருப்பேன். அந்தக் கொஞ்ச நேரம் எல்லாம் வரிசைப்படி நடந்த மாதிரி இருக்கும். அவ்வளவுதான்.

என்னை எதுக்குப் பார்க்கறீங்க, ஜியாச்சி அப்பா. அந்தப் பக்கம் பாருங்க. பாட்டு முடிய இன்னும் கொஞ்ச நேரம் இருக்கு.